நிச்சயதார்த்த மோதிரம்: 50 சென்ட் போதுமா, ஒரு கரட் வேண்டுமா?

கேள்வி: 2025 பெப்ரவரி 9

தெஹிவளையில் இருக்கிறேன், வயது 29. சித்திரை கழிய எழுத்து வைப்பதாகப் பேச்சு. மோதிரத்துக்கு ஆறு இலட்சம் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் ஏலாது. ஒரு கடையில் 50 சென்ட் வைரம் காட்டினார்கள். எனக்கு வடிவாய்த்தான் தெரிந்தது. ஆனால் அவளின் பெரியம்மா மகள் ரொறன்ரோவில் ஒன்றரைக் கரட் போட்டிருக்கிறாள், அந்தப் படம் குடும்ப வட்ஸ்அப்பில் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஒரு கரட்டுக்குக் கீழே வாங்குவதென்றால் வாங்காமலே விடு என்கிறான் என் நண்பன். இரண்டு மாதச் சம்பளம் கொடுப்பதுதான் உலக வழக்கமாம். உண்மையில் கல்லின் அளவு எவ்வளவு முக்கியம்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 9, இரவு

தம்பி, அளவில் என்ன இருக்கிறது, அன்புதான் முக்கியம் என்று இனி நாலைந்து பேர் வந்து சொல்வார்கள். நம்பாதீர்கள். அளவு முக்கியம்தான். 10 சென்ட் கல்லை ஒற்றைக் கல்லாய் வைத்து மோதிரம் செய்தால், கல் இருக்கிறது என்று நீங்கள்தான் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுப்பது 10 சென்ட் அல்ல, 50க்கும் 100க்கும் இடையில் உள்ள தூரம். அது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது நூறு சென்ட். கடைக்காரர் விற்பது நிறையை. பார்க்கிற சனத்தின் கண்ணில் படுவது கல்லின் முகத்து அகலம். ஒழுங்காக வெட்டிய வட்டக் கல் 50 சென்ட் என்றால் குறுக்களவு 5.1 மில்லிமீட்டர் வரும். ஒரு கரட் என்றால் 6.4, கூடினால் 6.5. நிறை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும் என்று மனம் கணக்குப் போடும். கல்லோ நீளம், அகலம், ஆழம் என்று மூன்று பக்கமும் வளர்கிறது, அதனால் அகலத்தில் கூடுவது கால் பங்குதான். ஒரு கடுகளவு என்று வையுங்கள். அந்தக் கடுகுக்கு விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறும், ஏனென்றால் பெரிய கல்லுக்குக் கரட் ஒன்றின் விலையே கூட.

இரண்டு மாதச் சம்பளக் கதையை உங்கள் நண்பருக்குச் சொன்னது ஊர் உலகம் அல்ல, வைரம் விற்ற கம்பனி. டி பியர்ஸ் அமெரிக்காவில் 1930களில் விளம்பரம் தொடங்கியபோது ஒரு மாதச் சம்பளம் என்றார்கள். 1980களில் அதை இரண்டாக்கினார்கள். ஜப்பான்காரருக்கு மூன்று மாதம் என்று சொன்னார்கள். கொழும்புக்கு யாரும் விளம்பரம் போடவில்லை, நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

பெப்ரவரி 10

நீ யார் இதெல்லாம் சொல்ல என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கலியாணத்துக்கு முன் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினேன். கல் பார்க்கிறவள் அல்ல. ஆனால் கல் பார்க்கிற ஐயாவின் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. மடித்த வெள்ளைத் தாளைப் பிரித்து, சாமணத்தால் கல்லை எடுத்து, லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து அவர் முனகுவது எல்லாம் என் காதில் விழும். முனகலின் நீளத்தை வைத்தே விலையை ஊகிக்கலாம்.

சரி, தம்பிக்கு ஒரு வேலை. கல்லை விட்டுவிட்டு முதலில் விரலை அளவெடுங்கள். வெள்ளவத்தையில் எந்த பான்சிக் கடையிலும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடைக்கும். கல் வைத்த வெள்ளைப் பொட்டாகப் பார்த்து வாங்கி, அடிமட்டத்தில் வைத்து 4, 5, ஆறரை மில்லிமீட்டர் அளவில் ஒவ்வொன்று எடுங்கள். அவளின் மோதிர விரலில் ஒன்றொன்றாய் ஒட்டிப் பாருங்கள். கிட்ட நின்று அல்ல. சாப்பாட்டு மேசையின் மறு பக்கத்தில் ஒருவர் இருக்கிற தூரத்தில் நின்று. கலியாண வீட்டில் மற்றவர்கள் பார்க்கப்போவது அந்தத் தூரத்தில் இருந்துதான்.

மெல்லிய விரல் என்றால் அகலம் 15 மில்லிமீட்டர் இருக்கும். அதில் 5 மில்லிமீட்டர் கல் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிடும், எடுப்பாய்த் தெரியும். தடித்த விரலில் அதே கல் ஒதுங்கிப் போகும். ரொறன்ரோ மச்சாளின் விரல் எப்படி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. படத்தில் கல்லைத்தான் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள்.

பெப்ரவரி 10, பின்னேரம்

பொட்டு ஒட்டினால் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடுமே, ஆச்சரியம் போய்விடுமே என்று இன்னொரு தம்பி கவலைப்படுகிறார். இரண்டு வீட்டாரும் பேசி, நாள் பார்த்து, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிவிட்டார்கள். இதில் யாருக்கு என்ன ஆச்சரியம் மிச்சம் இருக்கிறது?

பெப்ரவரி 12

அளவு பற்றிச் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுவிட்டது. 50 சென்ட் என்றால் 5.1 மில்லிமீட்டர் என்றேனே, அது ஒழுங்காக வெட்டிய கல்லுக்கு. எல்லாக் கல்லும் அப்படி இல்லை.

வைரத்தை வெட்டுகிறவர் மூலக்கல்லின் நிறையை வீணாக்க விரும்பமாட்டார். அதனால் சிலவேளை அடிக்கூம்பை ஆழமாய் விட்டு, இடுப்பை, அதாவது கல்லின் சுற்று விளிம்பை, தடிப்பாய் விட்டு நிறையைக் காப்பாற்றிக்கொள்வார். சீட்டில் ஒரு கரட் என்று இருக்கும், முகத்தை அளந்தால் 6.1 தான் இருக்கும். அது நன்றாக வெட்டிய 85 சென்ட் கல்லின் முகம். மிச்சம் 15 சென்ட் மோதிரத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். காசு மட்டும் கொடுத்தாயிற்று. அதோடு ஆழம் கூடிய கல்லில் உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பி வராமல் அடியால் ஒழுகிவிடும், நடுவில் இருட்டாய்த் தெரியும். எந்தக் கோணத்தில் வெட்டினால் வெளிச்சம் மேலே வரும் என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இலேயே கணக்குப் போட்டுப் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். நூறு வருடம் கழித்தும் ஆழக் கல் விற்பனைக்கு இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் கடைக்குள் போய் முதலில் கேட்பது 'எத்தனை சென்ட்?' என்றுதான்.

ஆகவே கல்லைச் சோதித்துத் தரம் எழுதிக் கொடுக்கிற ஜிஐஏ, ஐஜிஐ, எந்த நிறுவனத்தின் சீட்டாய் இருந்தாலும் நிறைக்கு முன் அளவு வரியைப் பாருங்கள். 5.10 – 5.13 x 3.16 என்பதுபோல் மூன்று எண் இருக்கும். முதல் இரண்டும் முகம், கடைசி ஆழம். ஆழம் முகத்தில் 60 வீதத்துக்குக் கொஞ்சம் முன் பின் இருந்தால் நல்லது. 65 வீதத்துக்குப் போனால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

90 சென்ட் வாங்கினால் ஒரு கரட் மாதிரியே இருக்கும், விலையும் இறங்கும் என்று கேட்ட அக்காவுக்கு: கணக்கு சரி. முகம் 6.2 வரும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நூறைத் தொட்டதும் கரட் விலை ஒரு படி குதிக்கும், 50ஐத் தொட்டதும் அப்படித்தான். ஆனால் தேடித்தான் பாருங்கள். மூலக்கல்லில் 100 எடுக்க வழியிருந்தால் சூரத்தில் வைரம் வெட்டுகிற பெடியன் 92இல் நிறுத்துவானா? அதனால்தான் 90களில் கல் அரிது, ஒன்று கிடைத்தாலும் எங்கள் கடைகளில் 'இதுவும் ஒரு கரட்தானே' என்று ஒரு கரட் விலையையே சொல்வார்கள்.

பெப்ரவரி 12, பிறகு

வெளிச்சம். நகைக்கடை விளக்குக்குக் கீழே கண்ணாடித் துண்டும் சிரிக்கும். கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். ஓம் என்று சொல்லிக் கூடவே ஒரு பெடியனையும் அனுப்புவார்கள். அவர் உங்கள் முழங்கையை ஒட்டி நிற்பார், கோபிக்காதீர்கள்.

பெப்ரவரி 13

நிறம் பற்றி இரண்டே வரி. டி தொடங்கி இஸட் வரை எழுத்து, டி நிறமே இல்லாதது, போகப் போக மஞ்சள் கூடும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் டி, ஈ என்று காசைக் கொட்ட வேண்டாம், ஐ நிறம் கூட வெள்ளையாய்த்தான் தெரியும். மிச்சம் பிடிக்கிற காசை வெட்டுக்குக் கொடுங்கள்.

மோதிரத்தை 22 கரட் தங்கத்தில் செய்தால் என்ன என்று கேட்டவருக்கு (தங்கத்தில் கரட் என்றால் நிறை அல்ல, சுத்தம்): தாலிக்கொடிக்கு 22 சரி. கல்லைப் பிடிக்கிற நகங்களுக்கு அது மெதுமை. 18 கரட்டில் நாலில் மூன்று பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும் மாதிரிக் கலப்பு. அந்தக் கலப்புத்தான் நகத்துக்குப் பலம். இதை என் மாமிக்கு விளங்கப்படுத்தியபோது முழுவதையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அப்ப கல்லாவது 22 கரட்டா?" என்றார். அவ்வளவு பெரிய கல் என்றால் மோதிரத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும் மாமி.

பெப்ரவரி 16

ஒரு கரட்டும் அதற்கு மேலும் என்றால் முதலீடு, சின்னக் கல்தான் வீண் செலவு என்று எழுதியிருக்கிறார் ஒருவர். இதற்கு நீளமாய்ப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

83 ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டாரும் கொழும்பை விட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள். அம்மம்மாவின் இடுப்பில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. அதில் ஆறு காப்பும் ஒரு சோடி ஏழு கல்லுத் தோடும். தோட்டில் இருந்தது 'புளூ ஜாகர்' என்று எங்கள் வீட்டில் பெருமையாய்ச் சொல்கிற வைரம். தென்னாபிரிக்காவில் ஜாகர்ஸ்பொன்டெய்ன் என்ற சுரங்கத்தின் நீலம் ஓடிய வெள்ளைக் கல்லுக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பெயரில் விற்றதெல்லாம் உண்மையில் அங்கிருந்து வந்ததா என்பது வேறு கதை. யாழ்ப்பாணத்தில் போய் இறங்கிய பிறகு காப்புகள் ஒவ்வொன்றாய்க் காசாயின. உரைகல்லில் ஒரு கோடு, தராசில் ஒரு நிறை, அன்றைய பவுன் விலை, முடிந்தது. தோட்டைக் கொண்டுபோனபோது கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கத்துக்கு ஒரு விலை சொன்னார். கல்லுக்கு? "கல்லை நீங்களே கழற்றிக்கொண்டு போங்கோ அம்மா." அம்மம்மா கழற்றவில்லை. தோட்டோடு திரும்பி வந்தார்.

அது போர்க்காலம், இப்போது அப்படி இல்லை என்பீர்கள். சரி, இன்றைக்கு எந்த வங்கியிலாவது வைர மோதிரத்தை அடகு வைக்கப் போய்ப் பாருங்கள். கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் காசு. வாங்கிய கடையே திருப்பி எடுத்தாலும் கழிவு போட்டுத்தான் எடுக்கும். ஒரு கரட்டுக்கு அரைக் கரட்டைவிடக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாய்ப் போட்ட காசு கூடுதலாய்த்தான் நட்டப்படும்.

முதலீடு வேண்டுமென்றால் தாலிக்கொடியில் போடுங்கள். பவுன் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 11 பவுன் கொடி என்று பேசியிருந்தால் கூலி சேராமலே 22 இலட்சத்துக்கு மேல். அந்தக் காசை யாரும் கேள்வி கேட்பதில்லை. 5 மில்லிமீட்டர் கல்லுக்கு இவ்வளவு விவாதம்.

மார்ச் 2

இந்த இடத்தில் யாரும் எண்ணெயைப் பற்றிக் கதைக்கவில்லை, ஆச்சரியமாய் இருக்கிறது.

வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே கல் பொறுக்கினார்கள். கிறீஸ் பூசிய சாய்வு மேசையில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டால் மற்றக் கல்லெல்லாம் வழுக்கிப் போகும், வைரம் மட்டும் கிறீசில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்போது எங்கள் சமையலறையை நினைத்துப் பாருங்கள். தேங்காய்ப் பால் பிழிந்த கை, புட்டுக்கு மா குழைத்த கை, பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்த கை. மோதிரம் போட்டு ஒரு கிழமையில் கல்லின் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய ஆடை படிந்துவிடும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற பக்கம் அதுதான். அது மூடினால் ஒரு கரட் வைரமும் சோடா போத்தல் துண்டுதான்.

என்னுடையது 33 சென்ட், நாலரை மில்லிமீட்டர் கூட இல்லை. கலியாண வீட்டுக்குப் போகிற நாளில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு துளி விட்டு, மோதிரத்தை ஊறப் போட்டு, பிள்ளைகளின் பழைய மெதுவான பல் பிரஷ்ஷால் அடிப்பக்கமாய்த் தேய்ப்பேன். மறக்காமல் தொட்டித் துவாரத்தை அடைத்துவிட்டு. என் மச்சாளின் 80 சென்ட் வாங்கிய நாளில் இருந்து பிரஷ்ஷைக் கண்டதில்லை. இரண்டு கையும் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் என் கல்லைத்தான் கேட்பார்கள். இதை மச்சாள் வாசிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

மார்ச் 3

வாசித்துவிட்டார். 80 அல்ல, 75 தானாம்.

மார்ச் 9

33 சென்ட் போதும் என்கிற மாதிரி முன்னே எழுதியது அரைகுறை. கலியாண நேரம் என் விரலுக்கு அது அளவாய் இருந்தது. இரண்டு பிள்ளை பெற்று, ஐம்பதுக்குக் கிட்ட வந்து, மோதிரத்தை இரண்டு தடவை பெருப்பித்தாயிற்று. விரல் வளர்ந்துவிட்டது, கல் அப்படியே நிற்கிறது. இப்போது வாங்குவதென்றால் 50க்குக் குறையாமல் எடுப்பேன். ஆகவே தம்பி, பொட்டை இன்றைய விரலில் ஒட்டிப் பார்க்கும்போது அவளின் அம்மாவின் விரலையும் ஒரு தடவை பாருங்கள். சிரிக்காதீர்கள், உண்மையாய்த்தான் சொல்கிறேன்.

அதே சமயம் பெரிய கல் என்றால் உயரமும் கூடும். நகங்கள் உயர்ந்து நிற்கிற மோதிரம் ஜோர்ஜெட் சேலையைப் பார்த்தால் விடாது. நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற கையில் அதைப் போட்டுப் பழகவும் முடியாது. வேலைக்குப் போகிறவளா, பஸ்ஸில் போகிறவளா, சமைக்கிறவளா என்று யோசித்துத்தான் உயரத்தைச் சொல்லிச் செய்விக்க வேண்டும். தாழ்வாய்ப் பதித்த 50 சென்ட் தினமும் விரலில் கிடக்கும். உயரமாய் நிற்கிற ஒரு கரட் அலுமாரியில் கிடக்கும்.

மார்ச் 15

ஆய்வுகூட வைரம் பற்றி எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். தள்ளிப் போட்டதற்குக் காரணம், இதில் என் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். ஜெனரல் எலெக்ட்ரிக் 1954இலேயே ஆய்வுகூடத்தில் வைரம் செய்துவிட்டது. இப்போது நகைக்கு வருபவை உயர் அழுத்தத்தில் அல்லது வாயுவில் இருந்து படியவைக்கிற சிவிடி முறையில் வளர்ப்பவை. போலி அல்ல, அதே கரிமம், அதே கடினம். அமெரிக்கன் டயமண்ட் என்று நாங்கள் சொல்கிற சேர்கோனியா வேறு, வைரம் மாதிரித் தெரிகிற மொய்சனைட் என்ற கல்லும் வேறு. கடைக்காரர் கல்லில் குத்திப் பார்க்கிற சூட்டுப் பேனா ஆய்வுகூடக் கல்லையும் வைரம் என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது வைரம்தான். பழைய பேனா மொய்சனைட்டையும் வைரம் என்று சொல்லிவிடும், அங்கேதான் கவனம். சுரங்கக் கல்லா ஆய்வுகூடக் கல்லா என்று பிரித்தறியக் கருவி வேண்டும், கண்ணால் முடியாது.

விலையில்தான் கதை. நல்ல நிறமும் தெளிவும் உள்ள சுரங்கக் கல் ஒரு கரட் சில ஆயிரம் டொலர். ஆய்வுகூடக் கல் ஒரு கரட் சில நூறு டொலர். தம்பியின் ஆறு இலட்சம் இன்றைய மாற்றுக்கு 2,000 டொலர் அளவில் வரும். அதில் 50 சென்ட் சுரங்கக் கல்லும் எடுக்கலாம், இரண்டு கரட் ஆய்வுகூடக் கல்லும் எடுக்கலாம்.

எடுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்தில் எனக்கு முன் வரிசையில் இரண்டு அன்ரிமார். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி பன்னீர்ச் செம்போடு வந்தாள். விரலில் நல்ல பெரிய கல், இரண்டு கரட்டுக்குக் குறையாது. ஒரு அன்ரி மற்றவரின் காதில் மெல்லச் சொன்னார்: "பெரிசு. லாப் போல." அவ்வளவுதான். முந்தி பெரிய கல்லைக் கண்டால் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பார்கள். இப்போது கல்லையே சந்தேகப்படுகிறார்கள். சிறிய கல்லைப் பார்த்து யாரும் லாப் என்று சொல்வதில்லை.

ஊருக்குக் காட்டத்தான் அளவு என்றால், அந்த வேலையை இனி அளவால் செய்ய முடியாது. அவளுக்கே பெரிய கல் பிடிக்கும், ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்றால் ஆய்வுகூடக் கல்லை விட நல்ல வழி இல்லை. எந்தக் காரணத்துக்கு என்று தம்பிதான் அவளிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 16

நடுவில் 50 சென்ட், சுற்றிச் சின்னக் கல் வட்டம், தூரத்தில் இருந்து ஒரு கரட் மாதிரித் தெரியாதா என்று கேட்டவருக்கு: ஓம், தெரியும். கடையில் இருந்த காலத்தில் பழுதுபார்க்க வருபவற்றில் அதிகம் அந்த வகைதான். ஒன்றரை மில்லிமீட்டர் கல்லைப் பிடிக்கிற நகம் எவ்வளவு மெல்லிசாய் இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு கல் விழுந்தால் பல்லு விழுந்த மாதிரி முழு வட்டமும் கெட்டுப்போகும்.

ஏப்ரல் 5

இரத்தினபுரியை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் வைரத்துக்குப் பின்னால் ஓடுகிறோம் என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார். நான் இதை எப்போது யாராவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்டில் வைரச் சுரங்கம் இல்லை, கடையில் காண்கிற ஒவ்வொரு வைரமும் இறக்குமதி. நீலக்கல்லோ எங்கள் மண். 1981இல் டயானாவுக்கு சார்ள்ஸ் கொடுத்த மோதிரத்தின் 12 கரட் நீலம் இலங்கைக் கல், இப்போது அது மருமகள் கேத்தரினின் கையில். வைரத்துக்குக் கடினம் 10, நீலத்துக்கு 9, தினமும் போட அது போதும். ஆனால் அளவைப் பற்றிக் கதைக்கிற இடம் என்பதால் ஒன்று: நீலக்கல் வைரத்தைவிட அடர்த்தி கூடியது. ஒரு கரட் வட்ட நீலம் 6 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். வைரக் கணக்கை நீலத்துக்குப் போடக்கூடாது. அதோடு நிறத்துக்காகச் சூடு காட்டிய கல்லா காட்டாததா என்று கேளுங்கள், விலை அதில்தான் தொங்குகிறது. சந்தேகம் என்றால் கொள்ளுப்பிட்டிப் பக்கம் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பிக்கலாம்.

எல்லாம் சொல்லிவிட்டேன், இனி உண்மையான தடை: நீலம் சனியின் கல். சாத்திரியிடம் கேட்காமல் நிச்சயத்துக்கு நீலம் போட எந்த மாமி சம்மதிப்பார்? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தபோது மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். வைரம் சுக்கிரனின் கல், கலியாணத்துக்கு நல்லது, ஆனால் அதுவும் எல்லோருக்கும் ஒத்துவராது என்பார்கள். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று பழைய ஆட்கள் பட்டியல் போட்ட வைரக் குற்றங்களைத்தான் இன்றைக்கு ஜிஐஏ வேறு பெயரில் எழுதிக் கொடுக்கிறது. வழி ஒன்று இருக்கிறது: புஷ்பராகம். மஞ்சள் நிறம், வியாழனின் கல், இலங்கையில் தாராளமாய்க் கிடைக்கும், நீலத்தின் அதே இனம். அதைக் கேட்டு யாரும் குசினிக்குள் போகமாட்டார்கள்.

ஏப்ரல் 6

என்னைச் சோதிடம் பரப்புகிறாள் என்று ஏசியவருக்கு: எனக்கு நம்பிக்கை இல்லை. மாமிக்கு இருக்கிறது. மோதிரம் போடுகிற அன்று மண்டபத்தில் மாமியும் இருப்பார்.

மே 24

தம்பி வாங்கிவிட்டார். 54 சென்ட், ஜி நிறம், முகம் 5.2 மில்லிமீட்டர், ஆழம் 61 வீதம், 18 கரட் மஞ்சள் தங்கம், தாழ்வாய்ப் பதித்தது. பொட்டு ஒட்டிப் பார்த்தார்களாம். அவள் 5 மில்லிமீட்டர் பொட்டையே காட்டினாளாம், ஆறரை கை முழுக்கக் கல் மாதிரி இருக்கிறது என்று. படம் பார்த்தேன், வடிவு.

ஒரு குறை சொல்லத்தான் போகிறேன். தெளிவில், அதாவது கல்லுக்குள் புள்ளி எவ்வளவு குறைவு என்ற கணக்கில், விவிஎஸ்1 என்ற மேல் தரத்தை எடுத்திருக்கிறீர்கள். பத்து மடங்கு லூப்பிலேயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய புள்ளிக்கு அவ்வளவு காசு எதற்கு? சில படி கீழே விஎஸ்2 எடுத்திருந்தால் வெறும் கண்ணுக்கு அதே கல், மிச்சக் காசில் 60 சென்ட்டுக்குப் போயிருக்கலாம். கடைக்காரர் லூப்பைக் கையில் தந்ததும் தடுமாறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். லூப்பைத் தருவதே அதற்குத்தான்.

அடுத்த செய்தி: ரொறன்ரோ மச்சாளின் ஒன்றரைக் கரட்டும் ஆய்வுகூடக் கல்தானாம். அவளே வட்ஸ்அப்பில் விலையோடு போட்டிருக்கிறாள், மிச்சக் காசில் வீட்டுக்கு முற்பணம் கட்டினோம் என்று. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இந்த மாதம் டி பியர்ஸ் தன் ஆய்வுகூட வைரக் கடையான லைட்பொக்ஸை மூடப்போவதாக அறிவித்ததையும் பார்த்திருப்பீர்கள். 2018இல் கரட் 800 டொலர் என்று தொடங்கினார்கள், அன்றைக்கு அது மலிவு. இன்றைக்கு அந்த விலையைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆய்வுகூடக் கல் எடுப்பவர்கள் திருப்பி விற்கிற எண்ணமே இல்லாமல் எடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 19

இந்தக் கேள்வி பதில் இழை தூங்கிப் போய்விட்டது என்று நினைத்தேன், கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தங்கை எழுப்பியிருக்கிறார். தையில் நிச்சயம், 70 சென்ட் பார்த்திருக்கிறார்கள், கடை தங்கள் பெயர் போட்ட அட்டைதான் தருகிறது, ஜிஐஏ சீட்டு பிறகு வரும் என்கிறது, முழுக் காசையும் இப்போதே கேட்கிறது.

முதலில் பவுனைச் சொல்லிவிடுகிறேன். பெப்ரவரியில் இரண்டு இலட்சம் என்று எழுதினேன், இப்போது மூன்றையும் தாண்டிவிட்டது. ஆகவே மோதிரத்தின் வளையம் ஒன்றரைப் பவுன், இரண்டு பவுன் என்று கனமாய்ச் செய்ய வேண்டாம். அரைப் பவுனுக்குள் உறுதியாய்ச் செய்யலாம், மெல்லிய வளையத்தில் 70 சென்ட் இன்னும் பெரிதாகவும் தெரியும்.

சீட்டு விஷயம். கடை அட்டை சீட்டு அல்ல, விற்கிறவரே தன் கல்லுக்குப் போட்ட மதிப்பெண். ஜிஐஏ சீட்டுள்ள கல் என்றால் இலக்கம் இப்போதே கடையின் கையில் இருக்க வேண்டும். அதை ஜிஐஏ தளத்தில் போட்டு, வருகிற நிறையும் மில்லிமீட்டரும் கல்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பல கல்லில் இடுப்பு விளிம்பில் அதே இலக்கத்தை லேசரால் பொறித்திருப்பார்கள், லூப்பில் தெரியும். கல்லைப் பதித்த பிறகு நகம் மறைத்துவிடக் கூடும், ஆகவே பதிக்க முன் பார்க்க வேண்டும். ஆய்வுகூடக் கல்லாய் இருந்தால் இன்னொன்று: இந்த மாதத்தில் இருந்து ஜிஐஏ அவற்றுக்கு டி, ஈ, விவிஎஸ் என்ற எழுத்துகளைக் கொடுப்பதை விட்டு, இரண்டே தரமாகப் பிரிக்கிறது. புதிய ஜிஐஏ சீட்டு என்று சொல்லி ஆய்வுகூடக் கல்லுக்குப் பழைய எழுத்துகளைக் காட்டினால் திகதியைக் கேளுங்கள்.

தங்கை, கல்லை ஒதுக்கி வைக்கச் சொல்லி ஒரு சிறிய முற்பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டில் இலக்கம், நிறை, 5.7 என்றால் 5.7 என்று மில்லிமீட்டர், சுரங்கக் கல்லா ஆய்வுகூடக் கல்லா என்பது, எல்லாம் எழுதி வாங்குங்கள். அதற்கு முதலாளி முகத்தைச் சுளித்தால் செட்டியார் தெருவில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.